வெயிலில் ஏறும் ஏரி

அன்புள்ள என்னங்க,

ஏரி நம் வாசல்படிக்கு வந்துவிட்டது. நீங்கள் போய் மூன்று வருஷம் கழித்து எழுதுகிற முதல் சேதி இதுவாக இருக்கிறதே என்று கோபமாக வருகிறது. அதை வேறு யாரிடம் காட்டுவேன்?

சுரங்கக் கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீட்டை விட்டு இங்கே பேத்தமங்களாவில் மனை பார்த்தபோது ஏரி காய்ந்து கிடந்தது. உள்ளே ராகி விதைத்திருந்தார்கள். தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். சுரங்கத்தில் பம்ப் ஓட்டிய ஆள் இல்லையா, சிரித்தீர்கள். "சுத்தி எல்லா தோட்டத்துலயும் போர்வெல் ஓடுது. பம்ப் ஓடுற வரிக்கும் தண்ணி ஏறாது. எனுக்குத் தெரியாதா?" சுரங்கக் குழிக்குள் ஊறும் தண்ணீர் இறைத்தால் இறங்கும், சரி. ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் யாரையாவது கேட்டோமா?

போன வாரம் மழை விட்டு நல்ல வெயில். இனி வற்றிவிடும் என்று கொல்லையில் துணி காயப்போட்டேன். மறுநாள் அதே இடத்தில் முழங்கால் தண்ணீர். மடை பார்க்கும் முனியப்பாவைக் கேட்டேன்.

"இங்க மழ நின்னா இன்னாக்கா? மேல பாலாத்துல கீற ஏரிங்க ஒண்ணொண்ணா ரொம்பி வழியுது. எல்லாம் இங்கதான் வரணும். அடியில சேறு வேற ஏறிப்போச்சு, கொஞ்சம் தண்ணி வந்தாலே அகலமா பரவுது. நீங்க கெளம்புங்க."

மேட்டுப் பக்கத்துப் பாதை ஒன்றுதான் மிச்சம். நாளைக்கு அதுவும் இருக்காதாம். பெங்களூரிலிருந்து மகள் போன் மேல் போன் போடுகிறாள். நான் பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன். கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "நம்ம சொந்த மண்ணு, உட்டுட்டுப் போயிடாத" என்றீர்களே. நானும் தலையாட்டினேன். தண்ணீரைவிட அதுதான் என்னை இங்கே அடைத்து வைத்திருக்கிறது.

லைன் வீட்டிலேயே பிறந்து வயசான உங்களுக்குச் சொந்தச் சுவர் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் ஈரம் ஜன்னல் வரை ஏறிவிட்டது. கை வைத்தால் பூச்சு உதிர்கிறது. இதற்குள்ளேயே கிடந்து சாகவா சொன்னீர்கள்? அப்படிப்பட்ட மனுஷர் இல்லையே நீங்கள்.

முனியப்பா பாதையில் நின்று கூப்பிடுகிறார். உங்கள் படத்தை எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டவில்லை. பூட்டினால் திரும்பி வரத் தோன்றும். சத்தியமாகச் சொல்கிறேன், ஏரி வற்றினாலும் இங்கே குடிவர மாட்டேன்.

உங்கள் பேச்சை முதல் தடவையாகத் தட்டும்,
உங்கள் மனைவி சரோஜா