மிஞ்சிய இரண்டு குளிசை

மச்சான்,

போன மாதம் உன் மகள் என் கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பியைத் தந்தாள். நீ போனபிறகு லவாலில் உன் வீட்டுச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். உன் மேசையின் அடி லாச்சியில், பழைய கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்ததாம்.

"அங்கிள், இதைப் பார்மசியில குடுத்துவிடுவீங்களா? பழைய மருந்தை அங்க திருப்பி எடுப்பினம்" என்றாள்.

மண்ணிறப் பிளாஸ்டிக் குப்பி, வெள்ளை மூடி. லேபிளில் உன் பெயரை வழக்கம்போல் எங்கேயோ முறித்து எழுதியிருந்தார்கள். திகதியைப் பார்த்தேன்: எண்பத்தேழு, பங்குனி. ஆட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு குளிசை. பிள்ளைக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வந்த புதிதில் செயின்ட்-மிஷேலில் நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டை இந்த ஊர்க்காரர் 'மூன்றரை' என்பார்கள். மூன்று அறை, குளியலறை அரை. அந்த அரையைத்தான் நீ எழுதும் அறை ஆக்கினாய். மற்ற மூன்றிலும் யாராவது நித்திரை கொள்வார்கள், வெங்காயம் வெட்டுவார்கள், கசெற் போடுவார்கள். நீயோ குளிக்கும் தொட்டிக்குள் தலையணையைப் போட்டு, கால் நீட்டி, முழங்காலில் கொப்பியை வைத்து எழுதுவாய். வெளியே நாங்கள் வரிசையில் நின்று நெளிவோம்.

"கவிஞர் வெளியில வாறாரோ, இல்லாட்டி நாங்கள் கீழ டெப்பனர் கடையில போய்க் கக்கூஸ் கேக்கிறதோ?" என்று கத்துவேன். பெட்டிக்கடைக்காரர் எங்களை ஏற்கெனவே இரண்டு தடவை துரத்தியிருந்தார்.

கம்பசில் இரண்டு வருடம் ஆங்கில இலக்கியம் படித்து, மூன்றாம் வருடத்தைக் காணாமல் ஓடிவந்தவன் நீ. நான் விஞ்ஞானக்காரன், கவிதை என்றால் கொட்டாவி விடுகிறவன். பருப்பு அவிகிற நேரத்தில் நீ உன் ஆங்கிலக் கவிஞர்களின் கதையைத் தொடங்குவாய். அந்தக் காலத்தில் பல்லு நோவுக்கும் இருமலுக்கும் அபினைச் சாராயத்தில் கரைத்து மருந்துக்கடையிலேயே விற்றார்களாம். கவிஞர்களும் நோவுக்கென்று தொடங்கி, பிறகு விடமுடியாமல் குடித்தார்களாம். அதில் ஒருவர் அந்த மயக்கத்தில் முழுக் கவிதை ஒன்றைக் கனவில் கண்டு, எழும்பி அவசரமாக எழுதிக்கொண்டிருக்கையில் யாரோ அலுவலாக வந்து கதவைத் தட்டினாராம். வந்தவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மிச்சக் கவிதை போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது நீ செத்தவீட்டுச் செய்தி சொல்கிற முகத்தை வைத்துக்கொள்வாய்.

"அபின் குடிச்சாக் கவிதை வருமெண்டால், எங்கட ஊர்க் கள்ளுத் தவறணையில எத்தினை காவியம் வந்திருக்க வேணும்?" என்று கேட்டேன்.

"அபின் புதுசா ஒண்டும் தராது மச்சான். உள்ளுக்குக் கிடக்கிறதின்ர பூட்டைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளுக்கு ஒண்டும் இல்லாதவனுக்கு நித்திரைதான் வரும்."

அந்த வருடம் மாசியில் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டாய். டொக்ரர் கட்டுப் போட்டு, நோவுக்குக் கோடீன் குளிசை எழுதித் தந்தார். குப்பியை நீ தூக்கிப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "டேய், இது அபினின்ர பேரப்பிள்ளையடா!" என்றாய். தோள் உடைந்தவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

நாலாம் நாள் மத்தியானம். எனக்கு இரண்டு மணிக்கு ஹொட்டல் சலவைக்கூடத்தில் வேலை. நீ குளிசை போட்டுக்கொண்டு தொட்டிக்குள் போய் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை. கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"ஒரு நிமிசம் மச்சான்!"

"என்ர நிமிசம் முடிஞ்சுதடா!"

நீ கதவைத் திறந்தாய். முகம் வெளிறிப்போயிருந்தது. "போச்சு" என்றாய். நான் உன்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கொப்பியில் பத்தொன்பது வரி மிஞ்சியது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மெற்றோவின் அப்போதைய கடைசித் தரிப்பிடத்தில், அஹுன்ட்சிக்கில், எல்லாரும் இறங்குகிறார்கள். 'நான் இறங்கவில்லை, ரயிலும் நிற்கவில்லை' என்று எழுதியிருந்தாய். ரயில் ஆற்றுக்கு அடியால் போகிறது, கடலுக்கு அடியால் போகிறது, உன் ஊர் ஸ்டேசனில் வெளிச்சத்துக்கு வருகிறது. கதவு திறக்கிறது. 'நடைமேடையில்' என்று ஒரு சொல். அதோடு சரி.

பிறகு நீ அந்த மிச்சத்தைத் தேடத் தொடங்கினாய். ஒரு குளிசை இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. மருந்து முடிய, நோகுது என்று திரும்பவும் வாங்கினாய். பிரெஞ்சு வகுப்புக்குப் போகவில்லை. பாத்திரம் கழுவுகிற வேலையும் போனது. ஊரில் இருந்த உன் அம்மாவிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை, அதைப் பற்றியும் கதைக்க மாட்டாய். தொட்டிக்குள் கொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குவாய். அகதி விசாரணைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அங்கே உன் கதையை நீதான் சொல்ல வேண்டும். தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாந்தரம் கிளினிக்குக்கு என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனாய். டொக்ரர் என்னைப் பார்த்து, இன்னும் நோகிறதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சரியா நோகுது எண்டு சொல்லு" என்றாய் நீ.

"நோன்" என்றேன் நான். "நோன், டொக்ரர். இப்போது நோவு இல்லையாம்."

அவர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். வெளியே பனியில் நின்று, என்ன சொன்னவர் என்று கேட்டாய். இனித் தரமாட்டினமாம், அது சட்டமாம் என்று வாய்கூசாமல் சொன்னேன். நீ "ஓம்" என்று மட்டும் சொன்னாய்.

விசாரணையில் வென்றாய். பேக்கரி வேலை, கலியாணம், மகள், லவாலில் வீடு. கவிதை மட்டும் எழுதவில்லை. எந்தக் கொண்டாட்டத்திலும் என்னைச் சுட்டிக்காட்டி, "இவன்தான் கதவைத் தட்டினவன்" என்பாய். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், நானும் சிரிப்பேன். உள்ளே ஒவ்வொரு முறையும் குத்தும். ஒரு கவிஞனை நான் கெடுத்துவிட்டேனோ? கதவைப் பற்றி நீ எத்தனையோ தரம் சொன்னாய். கிளினிக்கைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அது உனக்குத் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். 'நோன்' என்றால் என்னவென்று தெரியாமல் இந்த ஊரில் ஒரு கிழமைகூட யாரும் இருக்க முடியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பல வருடம் கழித்து மெற்றோவை ஆற்றுக்கு அடியால் லவால் வரைக்கும் நீட்டியபோது, "என்ர கவிதை பாதித்தூரம் வந்திட்டுது" என்று சிரித்தாய்.

உன் கடைசிக் கிழமையில், ஆஸ்பத்திரியில், ஒரு பின்னேரம். நீ கண்மூடிக் கிடந்தாய். தாதி வந்து, இவருக்கு நோகிறதா என்று என்னைக் கேட்டாள்.

"வீ" என்றேன். "ஓமோம், சரியாக நோகிறது. கொடுங்கள்."

அவள் மோர்பினை ஏற்றிவிட்டுப் போனாள். நீ கண் திறக்காமலே சொன்னாய்:

"இந்தமுறை சரியாச் சொன்னாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், வேறொன்றைக் கேட்டேன்.

"மிச்சக் கவிதை வருகுதோடா?"

"நித்திரைதான் வருகுது. உள்ளுக்கு ஒண்டும் மிச்சமில்லைப் போல." கொஞ்சம் சிரித்தாய். "நீ தட்டினதால ஒண்டும் போகேல்லை. தட்ட முதலே நான் அந்த நடைமேடையைப் பாத்திட்டன்."

"ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை மச்சான். வெறும் பிளாட்போம். அதை எப்பிடி எழுதிறது? இன்னொரு குளிசை போட்டால் அம்மா வந்து நிப்பா எண்டு நினைச்சன். நீ அண்டைக்கு நோன் எண்டு சொல்லாட்டில், நான் இன்னும் அங்கதான் நிண்டிருப்பன்."

அந்தக் கிழமை முடியமுதலே நீ போய்விட்டாய்.

இரண்டு குளிசையை ஏன் வைத்திருந்தாய் என்று இப்போது விளங்குகிறது. கடைசியாக வாங்கிய குப்பி அது; நாங்கள் கிளினிக்குக்குப் போன அன்றைக்கே அவை உன்னிடம் இருந்திருக்கின்றன. விரும்பியிருந்தால் இன்னொரு தரம் அந்த நடைமேடைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். நீ போகவில்லை.

பார்மசி வரிசையில் இரண்டு முறை நின்றுவிட்டேன். என் முறை வரும்போது பற்பசை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் மகள் கேட்டால், கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்வேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

குப்பி கோட்டுப் பையிலேயே இருக்கிறது. உன் வீட்டை ஒதுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மெற்றோவில்தான் வருகிறேன். லவாலில், கடைசித் தரிப்பிடத்தில், கதவு திறக்கும். எல்லாரும் இறங்கும்வரை இருந்துவிட்டு, நடைமேடையை ஒருமுறை வடிவாகப் பார்த்துத்தான் இறங்குகிறேன்.