பாட்டுக்குப் பின்னால் கேட்கிற நடை

முருகன் துணை

திருத்தணி,
10-5-1998

அன்புள்ள பாவாவுக்கு சுஜாதா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் மாமாவும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியம் எப்படி என்று உள்ளதை உள்ளபடி எழுதவும்.

கனகம்மாசத்திரத்து ஆளிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. தைலம், சோப்பு, மாமாவுக்குச் சட்டைத்துணி எல்லாம் சரியாக இருந்தன. கேசட்டைப் பார்த்ததும் அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிங்கப்பூர் போன பிள்ளைகள் எல்லாரும் பேசிப் பதிந்து அனுப்புகிறார்களே, நம் பிள்ளையும் பேசியிருக்கிறான் என்று பாதித் தெருவைக் கூட்டிவந்துவிட்டார். எதிர்வீட்டு கௌரியம்மாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். கேசட் கேட்க மூக்குக்கண்ணாடி எதற்கோ! நான் பொத்தானை அமுக்கினேன். டிங் டிங் என்று ஆரம்பித்தது. அரை மணி நேரம் அதேதான். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. "இன்னாடி சுஜாதா, ஐஸ் வண்டிக்காரன் அனுப்ச்ச மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு கௌரியம்மாள் எழுந்து போனாள். என் மானமே போயிற்று.

அப்புறம்தான் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். யாரோ குப்பையில் போட்ட டிவி விளையாட்டுப் பெட்டியை நீங்கள் ரிப்பேர் செய்தீர்களாம். ஜப்பான்காரன் செய்த பழைய விளையாட்டாம். ஒரு வீரன் ஊர் ஊராக நடந்து, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, அரக்கனைத் தேடிப் போவானாம். ஊருக்குள் நுழைந்தால் ஒரு பாட்டு, காட்டுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, சத்திரத்தில் படுக்க ஒன்று. டிவிக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தீர்களாம். "சுஜா, கண்ணை மூடிக் கேள், இந்த இசையைப் போட்டவன் மனுஷனே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தாலி கட்டியவளுக்கு எழுத வேறு சேதியே கிடைக்கவில்லையா?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நேற்று ஜாக்கெட் தைத்துக்கொண்டே கேசட்டை ஓடவிட்டேன். பி பக்கத்தில் 'பாழடைந்த கோட்டை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்கிறது. புரியாத பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அதற்கு நீங்கள் "ஆங்" என்கிறீர்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் உங்கள் குரல் அந்த ஒன்றுதான். அதுவும் எனக்குச் சொன்னது இல்லை.

அவள் யார்? மறுதபாலில் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
தபால்காரர் மணியைக் காதில் வாங்கிக்கொண்டே இருக்கும்
சுஜாதா

*

முருகன் துணை

திருத்தணி,
14-6-1998

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டேகால் பக்கம் பாட்டைப் பற்றி. நான் கேட்டதற்கு ஒரே ஒரு வரி: "பக்கத்து வீட்டு அம்மா, சோறு கொடுக்க வந்தாங்க, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே." ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறோம் என்று போன வருஷம் எழுதியது நீங்கள்தானே? பக்கத்து வீட்டுக்காரி எதற்குச் சோறு கொண்டுவர வேண்டும்? என்னை என்ன அவ்வளவு அசடு என்று நினைத்தீர்களா?

இங்கே மழை இல்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் மாமா கத்திக்கொண்டிருக்கிறார். மலைக் குரங்குகள் மொட்டைமாடிக்கு வந்து அத்தை காயவைத்த வடகத்தைத் தின்றுவிட்டன. அத்தை கம்பை எடுத்துக்கொண்டு அவற்றைத் துரத்தியபோது வாயில் என்ன பாட்டு தெரியுமா? உங்கள் கேசட்டில் இருக்கிற சண்டைப் பாட்டு! நான் விடாமல் போட்டுக் கேட்டு வீடு முழுக்க அது ஒட்டிக்கொண்டது.

உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கேட்டேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். ஒரு நேரத்தில் மூன்று நான்கு வாத்தியத்துக்கு மேல் பேசுவதில்லை, ஆனாலும் குறை தெரியவில்லை. சத்திரத்துப் பாட்டு நாலே மூச்சில் முடிந்துவிடுகிறது, கண் சொருகுகிற நேரத்தில் விடிந்துபோன மாதிரி. கடல் பாட்டில் அடியில் ஒரு சுருதி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது, கடலே பார்க்காத எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஏ பக்கத்தில் துள்ளிக்கொண்டு வருகிற அந்த ஊர்ப் பாட்டேதான் பி பக்கத்தில் பாழடைந்த கோட்டைக்கு மெதுவாக, பாதிச் சுரத்தை விட்டுவிட்டு வருகிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். அந்த ஊர் எரிந்துபோயிருக்க வேண்டும், சரிதானே? தாளில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. பாட்டே சொல்லிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. உங்கள் மேல் இருக்கிற ஆத்திரத்தில் அழுதேனா, பாட்டுக்கு அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

ஆனால் நான் கேட்டது பாட்டு மட்டும் இல்லை. பி பக்கத்தில் வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற இரைச்சல் கேட்கிறது. ராத்திரி எட்டு வரை கப்பல் பட்டறையில் ஓவர்டைம் என்று எழுதுகிறீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அறையில் உங்களுக்கு என்ன வேலை? அப்புறம் ஒவ்வொரு பாட்டும் முடிகிற நேரத்தில் டக், டக் என்று ஒரு நடைச் சத்தம் வருகிறது. ஏ பக்கத்தில் அது இல்லை. பி பக்கம் முழுக்க இருக்கிறது. குதிகால் உயர்ந்த செருப்பு போட்டவள் வீட்டுக்குள் அப்படித்தான் நடப்பாள். சோறு கொடுக்க வருகிறவள் செருப்போடு உங்கள் அறைக்குள் உலாத்துவாளா?

எல்லாவற்றையும் விடுங்கள். காவடி விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. விசா கிடைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு வந்து, முந்நூற்று அறுபத்தைந்து படியும் புஷ்பக் காவடி எடுத்து ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டது நீங்கள். கீழே குளத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். இப்போது, "காவடி இந்த வருஷம் வேண்டாம், வந்தால் வண்டியிலேயே மேலே போய்க் கும்பிட்டுக்கலாம்" என்கிறீர்கள். அத்தையிடம் படித்துக் காட்டினேன். அத்தை முகம் செத்துப்போயிற்று. நம் வீட்டில் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணினவன் காவடியைத் தொடக்கூடாது, தொட்டால் தோளில் நிற்காது, பாதிப் படியில் சரிந்துவிடும். "அவன் பயப்படறான்டி" என்று அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெற்றவளே அப்படிச் சொன்ன பிறகு நான் யாரிடம் போய் நிற்பது?

உண்மையை எழுதுங்கள். அவளோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். மெஷின் இருக்கிறது, நான் பிழைத்துக்கொள்வேன். இந்தச் சந்தேகத்தோடு மட்டும் என்னால் இருக்க முடியாது.

இப்படிக்கு,
சுஜாதா

*

முருகன் துணை

திருத்தணி,
5-7-1998

என் பாவாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பதில் வந்தாலும் அதில் உண்மை இருக்காது என்று இப்போது தெரிந்துவிட்டது. கோபமாகப் படிக்காதீர்கள். நான் இதைக் கோபமாக எழுதவில்லை.

போன வியாழக்கிழமை கேசட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உங்கள் சிநேகிதர் தணிகாசலத்தின் கேசட் கடைக்குப் போனேன். அந்தப் பெண் பேசுவதைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் ஏதாவது புரியும், உங்கள் சட்டையைப் பிடிக்க ஒரு சாட்சி கிடைக்கும் என்று நினைத்தேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "பிரகாஷுக்கு காது இன்னா காது அண்ணி! ஒவ்வொரு பாட்டும் சுத்திகினு வந்து தொடங்கின எடத்துல கரெக்டா நிக்குது பாருங்க. ஒரு தட்டு முன்னப் பின்ன இல்ல. பாட்டு தெரியாதவன் இப்படி நிறுத்த முடியாது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தேங்ஸ் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது மனசில் உறைத்தது. கையில் எடுத்ததை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். பி பக்கத்தைப் போட்டேன். டக், டக் என்று நடை பெட்டியை நோக்கி வருகிறது. வந்ததும் க்ளக் என்று ரெக்கார்டர் நிற்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதே கதைதான். நடந்து வருகிற ஆள்தான் நிறுத்துகிறார். நிறுத்துவது பாட்டு சுற்றி வந்து தொடங்குகிற அதே இடத்தில். ஏ பக்கத்தில் நிறுத்தின அதே கைதான் இதுவும். சோறு கொண்டுவருகிறவளுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்?

பாவா, அந்த நடை உங்களுடையது.

அப்புறம் இன்னொரு முறை கேட்டேன், இந்த முறை செருப்பை நினைக்காமல். டக் என்று ஒன்று, அதற்குப் பிறகு தரையில் தேய்கிற ஓர் இழுப்பு. மறுபடி டக், மறுபடி இழுப்பு. இழுப்பு இத்தனை நாளும் என் காதில் விழுந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. அத்தை கழனிப் பக்கம் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, துணி அளக்கிற மரக்கோலை எடுத்து ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்து பார்த்தேன். அதே சத்தம். அதே சத்தம் பாவா. அப்படியே கோலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலேயே மற்றதெல்லாம் தெரிந்துபோயிற்று. ஏ பக்கத்தில் ஒரு பாட்டு இரண்டு சுற்றில் முடிந்து அடுத்தது வருகிறது, வீரன் வேகமாக ஊரைத் தாண்டிப் போகிறான். பி பக்கத்தில் கோட்டைப் பாட்டு பதினோரு சுற்று. அவன் அங்கேயே நிற்கிறான். உங்களால் கட்டிலை விட்டு எழுந்து வர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. ஏ பக்கம் பதிந்ததற்கும் பி பக்கம் பதிந்ததற்கும் நடுவில் உங்களுக்கு என்னவோ நடந்திருக்கிறது. பட்டறையில் விழுந்தீர்களா? மேலே ஏதாவது விழுந்ததா? பகலில் அறையில் இருப்பதும், பக்கத்து வீட்டு அம்மா சோறு கொண்டுவருவதும், படி ஏற மாட்டேன் என்பதும் எல்லாம் அதனால்தான். ஓவர்டைமாம் ஓவர்டைம்! பொய் சொல்லக்கூட உங்களுக்குச் சரியாக வரவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத வருகிறது, உங்கள் மேல் கோபமும் வருகிறது. எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? அழுது ஊரைக் கூட்டுவேன் என்று நினைத்தீர்களா? கூட்டியிருப்பேன்தான். இருந்தாலும் எழுதியிருக்க வேண்டும். வலியோடு படுத்திருக்கிற மனுஷனை நான் இரண்டு மாதமாகக் கடிதத்திலேயே வறுத்து எடுத்திருக்கிறேன். அந்த அம்மாவைத் திட்டாத திட்டு இல்லை. அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள், அர்ச்சனை பண்ணுகிறேன். ஆனாலும் சோறு கொடுக்க வந்த இடத்தில் அவ்வளவு சிரிப்பு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதையும் எழுதுங்கள்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. மகன் தப்பு பண்ணிவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு, என்னிடம் முகம் கொடுத்துப் பேசக் கூசுகிறார். இன்று காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டார். உங்கள் கையெழுத்தில் உண்மை வந்தால்தான் நான் அவரிடம் வாய் திறக்க முடியும். மாமாவுக்கு மெதுவாக நான் சொல்லிக்கொள்கிறேன்.

எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள். கால் சரியாகட்டும், அப்புறம் வருகிறேன் என்று அங்கேயே தங்க வேண்டாம். மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன், வேறு யாரையும் கூட்டிவர மாட்டேன். தணிகைமலை முருகன் அதுவரைக்கும் உங்களைக் கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம் பாவா. முதலில் ஒரு கார்டு போடுங்கள். எந்தக் கால், இருக்கிறதா, அது மட்டும் போதும்.

உங்கள்
சுஜாதா