கி.மு. ஐம்பத்தெட்டில் வீட்டை எரித்தவர்கள்

நேற்றுப் பின்னேரம் மகள் தன் சரித்திரக் கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டாள். மேலே சிவப்பு மையில் கி.மு. 58 என்று எழுதியிருந்தது. அதைக் கண்டதும், சிநேகிதி, உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது. "அம்மா, உங்களுக்கு இதைப்பற்றித் தெரியுமோ?" என்றாள். தெரியாதோ! அந்த ஒரு வருசத்தை வைத்து நீர் என்னைப் பாடாய்ப் படுத்தினீர் அல்லவோ.

சுவிஸில், டீட்டிகோன் லாகரில், அந்தச் சாமான் கிடங்கில், நாங்கள் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். குடியுரிமை நேர்முகத்துக்கு மத்தியான இடைவேளையில் சேர்ந்து படித்தோம். நான் புத்தகத்தை முடித்தபோதும் நீர் முதல் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஹெல்வேசியர் என்று அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இருந்த சனம், தங்கள் ஊர்களைத் தாங்களே எரித்துவிட்டு வேறு நிலம் தேடி வெளிக்கிட்ட கதை அது. திரும்பி வர ஆசை வரக்கூடாது என்பதற்காகவாம். ஆளுக்கு மூன்று மாதத்துக்கு மாவும் கொண்டு போனார்களாம்.

"மா வறுத்ததோ, வறுக்காததோ?" என்று கேட்டீர்.

"எனக்கென்னப்பா தெரியும்?"

"வறுக்காத மாவாத்தான் இருக்கும். அதுதான் பாதி வழியில தோத்துப்போச்சினம்."

ரோமத் தளபதி சீசர் அவர்களை அடித்து, மிஞ்சினவர்களைத் திரும்பிப் போய் எரித்த வீடுகளைக் கட்டச் சொல்லி அனுப்பினான். அதே வருசம் எகிப்து ராசா நாட்டைவிட்டு ஓட, மகள் கதிரையில் ஏறினாள். அநுராதபுரத்தில் சோரநாகன் ஆண்டான். எல்லாம் தேடிப் பிடித்தீர். "எங்கட யாழ்ப்பாணத்தில ஆர் இருந்தது எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, பாத்தீரோ!" என்று கோபம் வேறு. "விசர்க்கதையை விட்டுட்டு இந்த நாட்டில எத்தினை கன்டோன் மாகாணம் எண்டு சொல்லும்" என்று நான் ஏசுவேன்.

உமக்கு அந்தப் பாஸ்போர்ட் ஏன் என்று எனக்குத் தெரியும். அகதிப் பத்திரத்தோடு ஊருக்குப் போகேலாது. அங்கே நடக்கமாட்டாமல் கிடந்த உம்முடைய அக்காவை நீர் பார்க்க வேண்டும். எனக்கோ ஊரே வேண்டாம். அம்மா செத்தபோது போகமுடியாமல், போனில் செத்தவீட்டுச் சத்தம் கேட்டவள் நான். இனி அந்த மண்ணை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் பண்ணியிருந்தேன்.

நேர்முகத்தன்று ஊர்ச்சபைக் கந்தோரான கெமைண்டவில் உம்மைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஏன் சுவிஸ்காரி ஆகவேண்டும் என்று கேட்டார்களாம். மலை, ஒழுங்கு, சனநாயகம் என்று பாடமாக்கியதெல்லாம் மறந்துபோய், அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேணும் என்றீராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கெடுத்தீர் போம்!"

"கேளுமன். அவையிட்ட, உங்கட அந்தக்காலத்து ஆக்கள் திரும்பக்கூடாதெண்டு வீட்டை எரிச்சவை. எனக்கு அங்கையும் ஒரு வீடு, இஞ்சையும் ஒரு வீடு. நான் ரெண்டையும் எரிக்கமாட்டன் எண்டும் சொல்லிப்போட்டன்."

அவர்கள் என்ன நினைத்தார்களோ, உமக்கும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. நீர் போய் மூன்று கிழமை அக்காவுக்குத் தலை சீவி இழுத்து, வாயில் சோறு தீத்திவிட்டு வந்தீர். அடுத்த முறை நீரும் வாரும் என்று கேட்டபோது, "எனக்கு அங்கை ஆர் இருக்கினம்?" என்று சீறினேன்.

அடுத்த மாரிக்குள் வருத்தம் வந்து, அந்த நோய் உம்மைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தும், ஊருக்குப் போறன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அதை நினைக்க இப்பவும் நெஞ்சு எரியுது. லாகரில் தனியே இருந்து சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

நேற்று மகளுக்கு அந்த வருசத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். உம்முடைய நேர்முகத்தையும் சொன்னேன். "அப்ப நீங்கள் எரிச்சுப்போட்டோ அம்மா வந்தனீங்கள்?" என்றாள். ரெண்டையும் எரிக்கமாட்டன் என்ற உம்முடைய பேச்சைத்தான் அப்போதிருந்து காவிக்கொண்டு திரிகிறேன்.

இன்று காலை உம்முடைய அக்காவுக்குப் போன் எடுத்தேன். இன்னார் என்று சொன்னதும் அழுதா. பிறகு சொன்னா: "அவள் வந்து நிண்டபோது உனக்கெண்டு ஒரு புதுப்பாய் வாங்கி வைச்சிட்டுப் போனவள், பிள்ளை. இன்னும் சுருட்டினபடிதான் கிடக்கு."

ஆருமில்லை என்று நான் சீறின ஊரில், எனக்குப் படுக்க இடம் வைத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே போயிருக்கிறீர். "ஆடியில வாறன் அக்கா" என்றேன்.