வெள்ளை சாக்ஸோட வா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன், அப்படியே இருக்கணும். என்னைக் கேட்டா, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்ல, வேளைக்குச் சாப்பிடுறேன், மாத்திரை போடுறேன். அதுக்கு மேல நல்லா இருக்கேன்னு எழுதக் கை வரமாட்டேங்குது. உங்கப்பா போய் நாளையோட அம்பது நாள். போன்ல பேசினா நான் அழுவேன், நீயும் அழுவே, அதான் பேப்பரை எடுத்தேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துப் படி.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு உன் வெள்ளை சாக்ஸைத் திருப்பிக் காட்டினியே, அடி கரிச்சட்டி மாதிரி இருந்துச்சு. இந்தச் சக்கர நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு உன்னால தனியா வீட்டைப் பார்த்துக்க முடியாதும்மா, ரெண்டு மாசத்துல திரும்பி வந்து நல்ல முதியோர் இல்லமாப் பார்த்து சேர்த்துடறேன்னு சொன்னே. நீ கோபமா சொல்லல, அழுதுக்கிட்டேதான் சொன்னே. நான் தரையைப் பார்த்தேன். கூடத்துலேர்ந்து அடுப்படி வரைக்கும் ரெண்டு கறுப்புக் கோடு, ரயில் தண்டவாளம் போட்ட மாதிரி. ஒம்பது வருஷமா இல்லாத கோடு இப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே விளங்கல. நான் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயி இந்த நாற்காலி வந்த புதுசுல இதே கோடு இருந்துச்சுப்பா. துடைச்சு வச்ச வீட்டை நானே பாழ் பண்றேன்னு ரெண்டு நாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்னு அழுதேன். உங்கப்பாதான், அது புது டயர், சாயம் போகுது, ஒரு மாசத்துல நின்னுடும்னு சொன்னார். சொன்ன மாதிரியே நின்னுச்சு. நானும் நம்பிட்டேன்.

நீ போன மறுவாரம் எதிர்வீட்டுத் தையல்காரி ரெண்டு துணியோட வந்தா. பாதம் நீளத்துக்கு, நாலு மடிப்பா மடிச்சுத் தைச்ச கெட்டித்துணி. அண்ணன் சொல்லி வச்சிருந்தார்க்கா, தைச்சு முடிக்கறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுன்னா. எதுக்குடின்னு கேட்டா முழிக்கிறா. அப்புறம் மெதுவா சொன்னா, கால்ல போட்டு உங்க சக்கரத் தடத்தைத் துடைச்சுக்கிட்டே வருவாரேக்கா, தெரியாதான்னு. எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலியில உட்கார்ந்தவளுக்கு முதுகுல கண்ணா இருக்கு? சரக் சரக்னு பின்னாடியே வருவார், நான் திரும்பறதுக்குள்ள துணியைக் கட்டிலுக்கடியில தள்ளிடுவார் போல. காலைத் தூக்கி வச்சு நடங்க, செருப்பைத் தேய்ச்சே தீர்க்க செருப்புக்கடைக்காரனுக்கு மாமனாரா நீங்கன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன். முன்னாடி நடந்தா நீ திட்டுறது மூஞ்சியில அடிக்குது, பின்னாடி வந்தா காத்தோட போயிடுதுன்னு சிரிப்பார். மூட்டு தேஞ்சிருக்கும்னு நான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனதும், எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு அந்த டாக்டர் ஏதோ சத்து மாத்திரை எழுதிக் கொடுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதை உங்கப்பா ஒரு வருஷம் ஒரு வேளை விடாம முழுங்கினார்ப்பா, என்கிட்ட நிஜத்தைச் சொல்லறதுக்குப் பதிலா.

தையல்காரி போனதும் ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் அழுதா தரை வெளுக்குமான்னு தோணுச்சு. முதல் நாள் மாப்பை எடுத்து முன்னாடி துடைச்சுக்கிட்டே போனேன், ஈரத்து மேல சக்கரம் ஏறி கோடெல்லாம் சேறாச்சு. மறுநாள் நாற்காலியைப் பின்னாடி உருட்டிக்கிட்டே துடைச்சேன், ஆனா வாசல் பக்கம் வராம அலமாரி மூலையில போய் மாட்டிக்கிட்டேன். காயுற வரைக்கும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன், அடுப்புல வச்ச பால் தீஞ்சு போச்சு. இப்ப பழகிடுச்சு. உள்மூலையில ஆரம்பிச்சு வாசலைப் பார்த்துப் பின்னாடியே வருவேன். வெளியே போய் வந்தா வாசல்லயே நின்னு, ஈரத்துணியைச் சக்கரத்துல அழுத்திப் பிடிச்சு முழுச் சுத்து உருட்டிட்டுத்தான் உள்ளே வர்றது. உங்கப்பா தைக்கச் சொன்ன அந்த ரெண்டு துணியையும் ஒரு கட்டையில சுத்தி, நாற்காலிக்குப் பின்னாடி கயித்துல கட்டிவிட்டிருக்கேன். போற இடமெல்லாம் அது தடத்தைத் துடைச்சுக்கிட்டே வரும், பின்னால நகரணும்னா கயித்தை இழுத்துத் தூக்கிக்குவேன். கட்டின அன்னிக்குக் கூடத்துல போறேன், பின்னாடி சரக் சரக்னு சத்தம். என்னையறியாம, காலைத் தூக்கி வச்சு நடங்கன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தேன் ராசா, கயித்துல கட்டின துணிதான் இருந்துச்சு.

அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ சொல்ற இல்லத்துல தரையை யாரோ துடைப்பாங்க, பளிச்சுனுதான் இருக்கும். ஆனா அங்கே அந்தச் சத்தம் இருக்காது. என்னை இங்கேயே விட்டுடு. முடியாத நாள் வந்தா நானே சொல்லுவேன், ஒளிக்க மாட்டேன், இந்த வீட்டுல ஒளிச்சவர் ஒருத்தர் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, மருமககிட்ட முகம் கொடுத்துப் பேசு, குழந்தையை அதட்டாதே. மூணு பேரும் குறையில்லாம நூறு வருஷம் இருக்கணும். வரும்போது மறக்காம அந்த வெள்ளை சாக்ஸையே போட்டுட்டு வா. வீடு பூரா நட, கட்டிலுக்கடியிலயும் காலை விட்டுப் பாரு. அடி கறுத்திருந்தா மறுபேச்சு இல்லாம உன்னோட கிளம்புறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா