பெட்டியிலிருந்து நான் எடுத்த ரெக்கார்டு

நேற்று, லீவில் ஊருக்குப் போகத் துணி அடுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். குப்பென்று உன் தலைவலித் தைலத்தின் வாடை. அடியில் உன் இசைத்தட்டு, அந்த ரெக்கார்டு, கிடந்தது. அட்டையில் சட்டையில்லாத பையன், கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு நாக்கைத் துருத்துகிறான். அவன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் கெட்ட வார்த்தை. இத்தனை நாள் இதை நான் ஒளித்துவைத்திருந்தேன் மக்கா. நினைத்தாலே கூசுகிறது.

நம் கல்ஃப் கம்பெனியின் அமெரிக்க சேஃப்டி ஆபீசரின் வில்லாவுக்கு நீ ஏசி சரிசெய்யப் போவாய். வேலை முடிந்தும் உட்கார்ந்து அவர் போடும் பாட்டைக் கடைசிவரை கேட்டவன் நீ ஒருவன்தானாம். அவர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பியபோது இதை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீ ரூமுக்குள் குதித்துக்கொண்டு வந்தாய்.

"மக்கா, இந்த நாக்க நீட்டுத பய ஆருன்னு தெரியுமா? நம்ம சேஃப்டி ஆபீசராக்கும்! சின்ன வயசுல நாலு பயலுவளா சேந்து பாடி, அட்டையக்கூட அவனுவளே பசை தேச்சு ஒட்டிருக்கானுவ."

ஹெல்மெட் வாரை மாட்டாவிட்டால் நம்மைக் கிழி கிழியென்று கிழித்த அந்த வழுக்கைத் தலையா! அமெரிக்காவில் பங்க் ராக் என்கிற முரட்டுப் பாட்டு முளைத்த காலத்துச் சரக்கு, கொஞ்சம்தான் போட்டார்கள், தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாய். ஸ்டோரில் இருந்த பிலிப்பினோ பையன்கூட விலைக்குக் கேட்டான். "மாஃபி, மாஃபி" என்று அரபியில் மறுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய்.

கேம்ப் ரூமில் பிளேயருக்கு எங்கே போக? நீயே பாடினாய். பாட்டா அது, கத்தல். ஊரில் உன் மகளுக்குப் பரீட்சை என்றால் விடியற்காலையிலேயே போனைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டின் தொடக்கம்போல "ஒன் டூ த்ரீ ஃபோர்!" என்று கூரை பிய்ந்துபோகும்படி கத்துவாய். அந்தப் பக்கம் அவளும் கத்துவாள். ஊர்க் கோயிலில் பாடற்குழுவில் நின்றவன் நான். எனக்கு மானம் போகும்.

"அந்தச் சவத்த நிறுத்துலே. நாலு பேரு கேக்கான்."

"கேக்கட்டும்லே. நாள் பூரா எஸ் சார் எஸ் சார்னு சொல்லுத வாயிதான? கொஞ்சம் கத்திக்கிடட்டு."

டூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். உன் உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பிய பிறகு, உன் சாமான்களைக் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. இங்கே போனவனின் பெட்டியை ரூம்காரன் சும்மா கட்டுவதில்லையே. வீட்டுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் முதலில் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். உன் சிகரெட்டை எடுத்தேன். லைட்டரை எடுத்தேன். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் பாஸ் வாசலில் நின்று "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினான். ரெக்கார்டு கையில் வந்தது. கார்கோ பெட்டி வந்தால் சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றுதான் திறப்பார்கள். சேலைக்கும் சோப்புக்கும் நடுவே இந்த நாக்கும் இந்த வார்த்தையுமா? உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என் பெட்டிக்குள் தள்ளினேன்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் உன் மகள் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா ஒரு ரெக்கார்டு வச்சிருந்தாவல்லா? அது இதுல இல்ல."

"அப்படி ஒண்ணும் இங்க இல்லியே மக்களே."

வாய் கூசாமல் சொன்னேன். உன் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு, போய்ச் சோறும் தின்றேன். த்தூ, நானும் ஒரு மனுஷனா?

நேற்று அந்தத் தைல வாடை என்னை இருக்கவிடவில்லை. அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அட்டயப் பாத்துப் பயந்துட்டியளா மாமா?"

"ஆமா மக்களே. அம்மை பாத்தா என்ன நினப்பாளோன்னு..."

"அம்மைக்குத் தெரியுமே. அப்பா அத போட்டோ புடிச்சு அனுப்பி, எங்க சேஃப்டி ஆபீசரப் பாருங்கன்னு சொல்லி, நாங்க ரெண்டுபேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்குத்தான் கொண்டாரேன்னு சொன்னாவ."

எனக்குத் தலை நிமிரவில்லை. உன் வீட்டில் யாருக்கும் இல்லாத வெட்கத்தை நான் ஒருவன் சுமந்து திரிந்திருக்கிறேன். அதற்கு மானம் என்று பேர் வேறு வைத்திருந்தேன்.

"மாமா, நாளைக்கு எனக்குப் பரீட்ச. அப்பா கத்துத மாதிரி ஒருக்கா கத்துவியளா?"

ரூமில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"கேக்கலியே மாமா," என்றாள். மறுபடி முயன்றேன். சீட்டாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். "பரவால்ல மாமா," என்று வைத்துவிட்டாள்.

அந்தப் 'பரவால்ல' என்னைத் தூங்கவிடவில்லை. இன்று காலை கம்பெனி பஸ்ஸிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். பரீட்சை ஹால் வாசலில் நிற்பதாகச் சொன்னாள். எழுந்து நின்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஒன் டூ த்ரீ ஃபோர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக்கில் கால் வைத்து, "க்யா ஹுவா பாய்?" என்று பதறிக் கேட்டான். காதெல்லாம் எரிந்தது. அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு உள்ளே போக வேண்டும் என்றாள்.

உன்னைப் போல எனக்கு வராது மக்கா. ஆனாலும் இனி ஒவ்வொரு பரீட்சைக்கும் நான்தான் கத்தியாக வேண்டும். பெட்டியை மறுபடி அடுக்கிவிட்டேன். உன் மகளிடம் கொடுக்க வேண்டிய ரெக்கார்டைத் துணிகளுக்கு மேலே, திறந்தவுடன் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் உன் பேரைச் சொல்வேன்.