ஷெட்டுக்குள் ஏழு பாட்டு

1.6.2025
எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவது நானேதான். நாற்பது வருஷம் கட்டட வேலையில், தளம் போடச் சென்ட்ரிங் பலகை அடித்த கை. பேனாவையும் சுத்தியல் மாதிரியே பிடிக்கிறது. ஆனால் எழுதுகிறது! கைநாட்டாகவே இருந்த சவுரிமுத்து எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டு எழுதுகிறான்.

4.6.2025
சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு போர்டு முழுவதும் படித்தேன். ‘இங்கே குப்பை கொட்டாதீர்.’ அதன் கீழேயே குப்பை. தனியாக நின்று சிரித்தேன்.

8.6.2025
என் மகள் ஜோசலினுக்கு முப்பத்தாறு வயது. வாரமெல்லாம் ஆபீஸ். ஞாயிறு மட்டும் எங்கள் வாடகை வீட்டு கார் ஷெட்டில் கிடார் வாசித்துப் பாடுவாள். அவள் நண்பர்கள் மொஹ்சின் இன்னொரு கிடார், விக்கி டிரம். “இதுக்கு கராஜ் ராக்னு பேருப்பா. ஷெட்லயே பொறந்த பாட்டு, ஷெட்லயே ரெக்கார்ட் பண்ணணும்” என்றாள். புது ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு. ஏழு முடிந்தது. முப்பதாம் தேதி விக்கி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். அதற்குள் மூன்றும் முடியணும்.

விக்கி அடித்தால் கலவை மெஷினில் ஜல்லி புரள்கிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கும்.
“இன்னா பெருசு, காது கீதா, போச்சா?”
“கீதுடா. அதான் ஆடிக்கினு கீறேன்.”

11.6.2025
இன்று முதல் கையெழுத்து போட்டேன்! தெருச் சங்கச் செயலாளர் சுகுமார் சார் ஒரு காகிதமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். “நம்ம தெரு விஷயம் பெரியவரே, ஒரு கைநாட்டு வைங்க.” சுருக்கென்றது. “கைநாட்டா? பேனா குடுங்க சார்.” போட்டேன். கடைசி ‘து’ காகித ஓரத்தையே தொட்டுவிட்டது. அவர் வாயைப் பிளந்தார்.

படித்துப் பார்க்க ஆசைதான். இரண்டு பக்கம். அவரை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது என்று விட்டுவிட்டேன்.

17.6.2025
வீட்டுக்காரர் ராகவேந்திரா போன் செய்தார். சத்தம் தாங்கவில்லை என்று தெருவே மனு கொடுத்திருக்கிறதாம், இன்றோடு பாட்டை நிறுத்தணுமாம். ரெண்டே வாரம் சார் என்று ஜோசலின் கெஞ்சினாள். “நான் என்னம்மா பண்றது? உங்க அப்பாவே சைன் பண்ணியிருக்காரே. மூணாவது கையெழுத்து அவரோடதுதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

அய்யோ, இன்னா பண்ணிட்டேன்? கைநாட்டு வெச்ச காலத்துல யாரையாவது படிக்கச் சொல்லி, கேட்டுட்டுதானே வெச்சேன்?

18.6.2025
எழுத வரவில்லை.

22.6.2025
வீட்டுக்காரருக்குக் கடிதம். ‘படிக்காமல் போட்ட கையெழுத்து. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.’ நான்கு வரிக்கு மூன்று நாள் ஆனது. ஜோசலின் போட்டோ எடுத்து அனுப்பினாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பதில் வந்தது. ஷெட்டை ஒன்றாம் தேதி முதல் கார் நிறுத்த சுகுமாருக்கு விட்டாகிவிட்டதாம்.

அனகாபுத்தூரில் மொஹ்சின் வீட்டில் வாசித்துப் பார்த்தார்கள். குறுகலான சந்து, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஒரு பாட்டுகூட முடியவில்லை.

30.6.2025
விக்கி டிரம்மை விற்றுவிட்டுப் போய்விட்டான். “ஒரே கையெழுத்துல ஆட்டத்தக் கலைச்சிட்டியே பெருசு” என்று என் தோளைத் தட்டிச் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

ஏழு பாட்டையாவது வெளியிடேன் என்றேன் மகளிடம். “தளம் போடாத வீட்டுல யாருப்பா பால் காய்ச்சுவாங்க?”

1.7.2025
சாவி வாங்க சுகுமார் சார் வந்தார். சாவியை ஒப்படைத்ததாக ஒரு காகிதம். இந்த முறை மைப்பெட்டி இல்லை. “படிச்சிட்டுத் தரேன் சார்.” ஆறு வரி. எழுத்தெழுத்தாகப் படித்தேன். கால் மாற்றி மாற்றி நின்றார். “வெறும் சாவிதான் பெரியவரே.” “இருங்க சார்.” முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

6.7.2025
ஞாயிறு. ஷெட்டில் கார் நிற்கிறது. ஜோசலின் துணி மடிக்கிறாள். எழுதுவதற்கு நல்ல அமைதி, எழுத்துகூடக் கொஞ்சம் நேராக வருகிறது. அடுத்த ஞாயிறும் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி எனக்கு வேறு வேலை இல்லை.