நீல நண்டு

12 மார்ச் 2010, வெள்ளி

நானும் வசந்தி டீச்சரும் அச்சடித்து விற்கும் பயிற்சிக் கொப்பியின் அட்டையில், நான் வரைந்த நீல நண்டுதான் இதுவரை இருந்தது. "படிக்கிற கொப்பியில நண்டு என்னத்துக்குகா? சனம் சிரிக்குது" என்று வசந்தி இந்த முறை தாமரை போட்டார். நானும் விட்டுக்கொடுத்தேன்.

இன்று கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய் கொப்பி வாங்க வாவியைக் கடந்து எங்களிடம் வந்தார். அட்டையைப் பார்த்ததும் திருப்பித் தந்தார்.

"இது இல்ல டீச்சர். மகள் நண்டுக் கொப்பிதான் சொல்லி உட்டவள்."

உள்ளே அதே பாடம்தான் என்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. போன தரம் கடையில வேறொண்டத் தந்து ஏமாத்திப் போட்டாங்க."

வெறுங்கையோடு எழும்பினார். மகளுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் சோதனை. அவசரமாக, முன்பு அட்டைகளில் நண்டு ஒற்றுவதற்காக நான் வெட்டி வைத்திருந்த பழைய எக்ஸ்ரே படத்தாளைத் தாமரைக்கு மேல் வைத்து நீல மை ஒற்றினேன். அவர் குனிந்து விரலால் கால்களை எண்ணினார்.

"ஓம், இதுதான். இடப்பக்கம் ஒரு கால் குறைய இருக்கும் எண்டு மகள் சொன்னவள்."

நான் எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். என் கைப்பிழையை, நான் கண்டிராத ஒரு பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

அவர் போனதும் வசந்தி மிச்ச அட்டைகளையெல்லாம் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாத்திலயும் நண்டையே ஒத்துகா. அந்தக் குறைஞ்ச காலை மட்டும் சேத்துக் கீறிப் போடாத."